விரதம் கெட்டவனின் வலது கண்

தாடையை ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே வெளிச்சம். வெளிச்சத்துக்குப் பின்னால் தலையில் தூடோங் துணி சுற்றிய இளம் மலாய் டாக்டர்.

"மேல பாருங்க," என்றார். பார்த்தேன். "கீழ." பார்த்தேன். "அப்படியே இருங்க." இருந்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் எனக்கு நிகர் யாருமில்லை.

டாக்டர் எழுந்து கதவைத் திறந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் கருவி வழியாக எட்டிப் பார்த்து "வாவ்" என்றார். மூன்றாவதாக ஒருவர் வந்து படமே எடுத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து என்னை யாரும் அழகென்று சொன்னதில்லை. அன்றைக்கு என் வலது கண்ணைப் பார்க்க மூன்று டாக்டர்கள் வரிசையில் நின்றார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கண்ணில் எனக்குத்தான் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

பின்னால் அம்மா, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். மூன்றாவது டாக்டரைக் கண்டதும், இனி மறைத்துப் பயனில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஓரடி முன்னால் வந்து, தன் பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில் சொன்னார்:

"டாக்டர், இனி பூடாக் புவாசா தா பெத்துல்."

இந்தப் பையன் விரதம் ஒழுங்காக இருக்கவில்லை, டாக்டர்.

மூன்று டாக்டர்களும் என்னைப் பார்த்தார்கள். மலாயில் விரதத்துக்கும் ரம்ஜான் நோன்புக்கும் புவாசா என்று ஒரே சொல்தான். அது நோன்பு மாதமும் இல்லை. நான் நோன்பு பிடிக்கிற ஆளும் இல்லை. தாடை தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்ததால் என்னால் திரும்பி அம்மாவை முறைக்க முடியவில்லை.

எல்லாம் சூடுதான்

போன வாரம் இந்தப் பத்தியைப் படித்தவர்களுக்கு, பிறை என்ற ஊரில் எனக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்து, அம்மா எங்கள் அடுக்குமாடி முழுக்க லட்டு கொடுத்தது நினைவிருக்கும். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை; எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அதனால் லட்டோடு விஷயம் முடியவில்லை. மகனுக்கு நல்ல வேலை கிடைத்தால் அவன் அலகு குத்தி வருவான் என்று, என்னைக் கேட்காமலே, அம்மா தண்ணீர்மலை முருகனிடம் சொல்லிவைத்திருந்தார்.

அதற்கு முன்னால் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காலேஜ் நாளிலிருந்தே எனக்கு வாய்ப்புண் வரும். ஒன்று ஆறும்போது இரண்டு முளைக்கும். மிளகாய்ச் சம்பல் பக்கம் திரும்பினாலே கண்ணில் தண்ணீர் வரும். அம்மாவின் தீர்ப்பு ஒரே சொல்: சூடு. எண்ணெய் தேய்த்துக் குளி, மோர் குடி, மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதே.

முச்சந்தியில் மூலிகைத் தேத்தண்ணி விற்கும் சீன ஆன்டி என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பானாஸ் லா, அடேக்," என்றார். சூடுதான், தம்பி. எங்கள் ஊரில் எந்த விஷயத்திலும் எல்லா இனமும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை, இந்தச் சூட்டைத் தவிர. அந்தக் கறுப்புக் கஷாயத்தைப் போத்தல் கணக்கில் குடித்தேன். வேப்பிலையே பரவாயில்லை என்று தோன்றும்.

பிறகு கண் சிவக்க ஆரம்பித்தது. சில நாள் சிவக்கும், கூசும், தானாகவே போய்விடும். அதுவும் சூடு என்றார் அம்மா.

நான் படித்தவன். சூடாவது, குளிராவது! எல்லாம் கம்ப்யூட்டர் பார்ப்பதால் வருவது என்று நானே கண்டுபிடித்து, ஸ்கிரீன் வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். அம்மா சூடு என்றார், நான் ஸ்கிரீன் என்றேன். இரண்டு பேரும் சம அளவு நம்பிக்கையோடு சொன்னோம். படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம், தப்பான பதிலை ஆங்கிலத்திலும் சொல்ல முடிந்தது.

மீன்முள் படம்

சைவ விரதம் இருந்தேன். தைப்பூசம் வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் குழுவில் அலகு குத்துகிறவர். வாய்ப்புண் இருந்ததால் நாக்கிலும் கன்னத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதுகில் மட்டும் இரண்டு வரிசையாகச் சின்னக் கொக்கிகளை மாட்டி, ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அளவு பால்செம்பைத் தொங்கவிட்டார். வலித்ததா என்று கேட்பவர்களுக்கு: வலித்தது. முகத்தில் காட்டாமல் மலையேறினேன். அப்போது எடுத்த படத்தில், டிராபிக் போலீஸ் நிறுத்திவைத்த ஆள் மாதிரி இருக்கிறேன்.

கொக்கிகளை இறக்கிவிட்டுத் திருநீறு பூசினால் மறுநாள் இடமே தெரியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பல பேருக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

எனக்கு மூன்றாம் நாள் முதுகு எரிந்தது. அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மாமாவுக்குப் போன் போட்டார். மாமா வந்தார். குத்திய ஒவ்வொரு இடத்திலும், ஒன்றுகூட விடாமல், சீழ் கோத்த கொப்புளம்.

"இத்தன வருஷமா குத்துறேன்க்கா. ஒருத்தனுக்கும் இப்படி வந்ததில்ல," என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், என்னடா தின்ன?"

"ஒண்ணும் தின்னல மாமா."

"முருகன் பொய் சொல்லமாட்டாருடா. உன் முதுகுலயே எழுதிக் காட்டுறாரு பாரு."

"கேன்டீன்ல என்ன பசியாறின?" அம்மாவின் குறுக்கு விசாரணை.

"வெஜிடேரியன் மீ மா, வெறும் நூடுல்ஸ்."

"கூட?"

"சம்பல். கொஞ்சூண்டு."

அம்மாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஒரு பொருளில் குறை வந்தால், அதற்கான காரணங்களையெல்லாம் மீனின் முள்ளைப் போலக் கிளை கிளையாக வரைந்து, மூல காரணத்தைப் பிடிப்பது எங்கள் முறை. வீட்டில் உட்கார்ந்து அதையே செய்தேன். விரதம் கெட்டதற்கு மீன்முள் படம் போட்ட முதல் பக்தன் நானாகத்தான் இருப்பேன். எல்லாக் கிளையையும் அடித்துவிட்டதில் மிச்சம் நின்றது சம்பல்.

மறுநாள் கேன்டீன் அக்காவிடம் போய், சம்பலில் பெலாச்சான் போடுவீர்களா என்று கேட்டேன். காய்ந்த இறாலை அரைத்துக் கட்டியாக்கி வைப்பார்களே, அது.

"பெலாச்சான் இல்லாம சம்பலா? ஏன் தம்பி, பத்தலையா? நாளைக்குக் கூடப் போடறேன்," என்றார் அக்கா.

வழக்கு முடிந்தது. நானே குற்றவாளி.

நகரும் அழுக்கு

என் வேலை, தலைமுடியைவிடச் சின்னக் குறையை மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடிப்பது. மின்னணுச் சுற்றுப் பச்சைப் பலகையில் ஈயப் பொட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தூசு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கொப்புளங்கள் காய்ந்து தழும்பான பிறகு, ஒரு காலைப்பொழுது. முதல் பலகையில் கறுப்புப் புள்ளிகள். இரண்டாவதிலும். தட்டு முழுக்க இருந்தன. எனக்குள் இருந்த நல்ல மாணவன் எழுந்து நின்றான். உற்பத்தி லைனை நிறுத்தச் சொன்னேன். என்ன குறை என்று சூப்பர்வைசர் கேட்டபோது, பெருமையாகவே சொன்னேன்: "அழுக்கு. ஆனா நகருது."

"நகருதா?"

"ஆமா. நான் பாக்கப் பாக்க மிதந்து போகுது."

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். பலகைகள் பளிச்சென்று இருந்தன. மைக்ராஸ்கோப்பைத் துடைத்தார்கள். வேறு மைக்ராஸ்கோப் கொண்டுவந்தார்கள். அதிலும் எனக்கு அழுக்கு மிதந்தது. கடைசியில் சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பி, "ஒரு கண்ண மூடிப் பாரு," என்றார்.

இடது கண்ணை மூடினேன். மைக்ராஸ்கோப்பும் மேசையும் சூப்பர்வைசரும் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நடுவில் கறுப்புப் புகை.

ஒரு லைனையே நிறுத்திவைத்த அழுக்கு என் கண்ணுக்குள் இருந்தது. சிரிக்கத்தான் தோன்றியது. அப்புறம் சிரிப்பு நின்றது. மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் காடியில், அதாவது காரில், கடல் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அம்மா பஸ் பிடித்து எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

முதுகில் எழுதியிருந்தது

இனி, தாடை தாங்கியில் மாட்டியிருந்த அந்த இடத்துக்குத் திரும்பலாம்.

"புவாசாவா? என்ன புவாசா மா?" என்று டாக்டர் அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டார். பேசியதெல்லாம் மலாய், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அந்த ஒரு கேள்வி போதும். தைப்பூசம், கொக்கி, பால்செம்பு, சம்பல் எல்லாம் வெளியே வந்தது. முருகன் கோபித்துக்கொண்டு முதலில் முதுகில் காட்டினார், பையன் திருந்தவில்லை, இப்போது கண்ணில் கை வைத்துவிட்டார் என்று முடித்தார்.

தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. "டாக்டர், அம்மா சும்மா..." என்று ஆரம்பித்தேன்.

"குத்தின இடம் எல்லாத்துலயும் கொப்புளமா?" டாக்டரின் குரல் மாறியிருந்தது.

"எல்லாத்துலயும்," என்று சொல்லிக்கொண்டே அம்மா என் சட்டையைத் தூக்கிவிட்டார்.

மூன்று டாக்டர்களும் இப்போது என் பின்பக்கம் போனார்கள். தழும்புகள் இரண்டு வரிசை, ரூலர் வைத்து அடித்தது மாதிரி. "வாவ்" என்றவர் மறுபடியும் "வாவ்" என்றார்.

"வாய்ப்புண் வருமா?" என்று டாக்டர் கேட்டார்.

"வரும்."

"அடிக்கடி?"

"போகவே போகாது," என்று அம்மா பதில் சொன்னார்.

"கீழ? அந்த இடத்துல எப்பவாவது புண்ணு?"

நான் சுவரைப் பார்த்தேன். வந்திருந்தது. புது ஜீன்ஸ் உரசியது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"சொல்லுடா, டாக்டர் கேக்குறாங்கல்ல," என்றார் அம்மா. என் வாழ்க்கையில் சொன்ன சின்ன "ஆமா" அதுதான்.

டாக்டர் என் முழங்கையின் உள்பக்கத்தில் சுத்தமான ஊசியால் குத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். குத்திய இடத்தில் குட்டிக் கொப்புளம் ஒன்று எனக்கு முன்னாலேயே தயாராக இருந்தது.

"நான் ஒரே ஒரு ஊசி குத்தினேன். உங்க மாமா எனக்கு முன்னாடியே பெரிய டெஸ்ட்டா பண்ணிட்டாரு," என்றார் டாக்டர்.

நோயின் பெயர் பெஹ்செட். உடம்பின் காவல்காரர்கள் காரணமில்லாமல் வெறி பிடித்து, சொந்த ரத்தக் குழாய்களையே அடித்து வீங்க வைக்கிற வியாதி. வாயில் புண்ணாக வரும். ஊசி பட்ட தோலில் கொப்புளமாக வரும். கண்ணுக்குள் வந்தால்தான் ஆபத்து. விழித்திரையின் சின்னக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத இடத்தில் பார்வை செத்துப்போகும்.

ஸ்கிரீனில் என் கண்ணின் படத்தைக் காட்டினார். கருவிழியின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு. கலக்காத கோப்பியில் கிளாஸின் அடியில் கட்டிப்பால் தங்கியிருக்குமே, அதே மாதிரி. அது சீழ். டாக்டர்கள் வரிசையில் நின்று ரசித்தது அதைத்தான்.

"வலது கண்ணுல எவ்வளவு திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "இடது கண்ணுக்கும் இது போகும். போறதுக்கு முன்னாடி நாம முந்திக்கணும்."

அதுவரை எனக்கு எல்லாமே ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது. இடது கண் என்றதும் அதை ஒரு தடவை மூடிப் பார்த்தேன்.

அம்மா கேட்டார்: "அப்ப முருகன் கோபம் இல்லையா?"

"இல்ல மா," என்றார் டாக்டர்.

"சம்பல்?"

"சம்பலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அம்மாவின் முகம் தெளிந்தது. ஆனால் லிப்டில் இறங்கும்போது என் காதருகே வந்து, "இருந்தாலும் பெலாச்சான் தின்னது தின்னதுதானே," என்றார்.

நல்லா வச்சிருக்கு

ஸ்டிராய்டு மாத்திரை ஆரம்பமானது. பசி என்றால் அப்படி ஒரு பசி. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, காலையில் என்ன என்று கேட்பேன். முகம் உப்பி, கழுத்து காணாமல் போனது. சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் ஒரு கல்யாணத்தில் தூரத்து அத்தை ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளி, "வேலைக்குப் போனதும் நல்லா வச்சிருக்குடா உடம்பு. அடுத்த பந்தல் உனக்குத்தான்," என்றார். ஒரு கண் பார்வை போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குப் பெண் கொடுக்க இரண்டு ஜாதகம் வந்தது.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. தேத்தண்ணியைக் கிளாஸுக்குப் பக்கத்தில் ஊற்றினேன். கை கொடுக்க வந்தவரின் கையைத் தாண்டி வயிற்றில் கை வைத்தேன். மோட்டார் சாவியை அம்மா அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டார். தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பிலிருந்து தூக்கி, அறிக்கை தட்டச்சு செய்யும் மேசையில் உட்காரவைத்தார்கள். ஒரு நாள் காலை, இடது கண் ஓரத்திலும் ஒரு புள்ளி மிதந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொன்னேன்.

"இந்த மாத்திரை போதுமா, இல்ல ரத்தத்துல ஏத்துற மருந்துக்குப் போகணுமான்னு பாக்கணும்," என்றார் அவர். "அந்த மருந்த நெனச்சவுடனே குடுக்க முடியாது. மேல எழுதிக் கேக்கணும். மாத்திரை பத்தலன்னு நான் காட்டணும்."

பரீட்சை

ஒவ்வொரு முறையும் டாக்டரைப் பார்க்கும் முன்னால் எழுத்துப் பரீட்சை உண்டு. சுவரில் வெளிச்சப் பெட்டி, அதில் ஓர் எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. மிஸ்ஸி இடது கண்ணை மூடிவிட்டு வலது கண்ணால் வாசிக்கச் சொல்வார். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இந்த மிஸ்ஸி தமிழ்க்காரர், சிரித்த முகம்.

அன்றைக்கும் இடது கண்ணை மூடினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எச்," என்றேன். "வி, இசட். டி, எஸ், என். கே, சி, ஆர், ஓ..."

தடையே இல்லை. நான்காவது வரிசையையும் முடித்து ஐந்தாவதில் இறங்கினேன். மாத்திரை வேலை செய்கிறது என்று மனசு துள்ளியது. பாராட்டு வரும் என்று நிறுத்தினேன்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"தம்பி," என்றார் மெதுவாக, "பழைய அட்டை மஞ்சளாயிடுச்சுன்னு போன வாரமே மாத்தியாச்சு. இது புது அட்டை. நீங்க சொன்னதுல ஒரு எழுத்துகூட இதுல இல்ல."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. நான் ஏமாற்ற நினைக்கவில்லை. கண் எதையும் பார்க்கவில்லை, இடது கண்ணால் வாசித்த பழைய அட்டையை வைத்து வாய்தான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. ஆரம்பப் பள்ளியிலிருந்து என்னை மேலே ஏற்றிவிட்ட வித்தை அது ஒன்றுதான்: கேள்வி வருவதற்கு முன்னால் பதில் மனப்பாடம்.

"மேல இருக்கிற பெரிய எழுத்து தெரியுதா?" என்று மிஸ்ஸி கேட்டார்.

வெள்ளையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான்.

"இல்ல மிஸ்ஸி."

டாக்டர் அறையில் திட்டு விழும் என்று போனேன். அவரோ நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "உங்க கண்ணுக்குள்ள பாத்தா மோசமாகுது. நீங்க வாசிக்கிறத பாத்தா நல்லாகுது. நான் குழம்பிப் போயிருந்தேன். இப்பத்தான் மருந்து கேட்டு எழுத முடியும்."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரீட்சையில் பெயிலானான். அதனால்தான் அவனுக்கு மருந்து கிடைத்தது.

மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட இடமெல்லாம் கொப்புளம் வந்தது, போனது. இடது கண்ணின் புள்ளிகள் கரைந்தன, திரும்பி வரவில்லை. வலது கண்ணின் நடுப்பகுதி போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரங்கள் என்ன ஆகும் என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது.

மறுபடி அதே நாற்காலி. மிஸ்ஸி இடது கண்ணை மூடினார். இந்த முறை அட்டையைக் கடைசி நேரத்தில்தான் பெட்டியில் செருகினார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. "எழுத்தோட பேரு வேணாம் தம்பி. தெரியுறத மட்டும் சொல்லுங்க."

"கறுப்பா ஒரு தூண் தெரியுது," என்றேன். "வலது பக்கமா கை நீட்டுது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நடுவுலயும் ஒரு கை இருக்கு, ஆனா பாதியிலயே காணாம போயிடுது."

"அடுத்த வரிசை?"

"ஒண்ணும் தெரியல."

மிஸ்ஸி என் தோளைத் தட்டினார். "இது பாத்துச் சொன்னது," என்றார்.

வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து வந்தார்.

"எத்தன எழுத்துடா?"

"ஒண்ணு மா."

"ஒண்ணுதானா?"

"அதுவும் முழுசா இல்ல."

அம்மா என் வலது பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பெட்டிய எத்தன நேரம் பாத்தாலும் ஒரு எழுத்தும் தெரியாது," என்றார். "நீ இன்னமும் என்னவிட ஒண்ணு கூடத்தான் லா. வா, பஸ் வந்துரும்."